கறுப்பு டி-ஷர்ட், இங்க் மூன்று, செப்பரேஷனில் வருவது ஏழு பிளேட்

மூணுகலர்:

வணக்கம். கறுப்பு காட்டன் டி-ஷர்ட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்ய 28 செ.மீ. அகலத்தில் ஒரு டிசைன். வைக்கப்போகிற இங்க் மூன்றே மூன்று: வெள்ளை, மஞ்சள், சிவப்பு. பிளாஸ்டிசால் இங்க், கையால் இழுக்கும் மேசை. இல்லஸ்ட்ரேட்டரில் வரைந்திருக்கிறேன்.

டிசைனில் இருப்பவை: சிவப்பு வடிவங்கள், நடுவில் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும் ஒரு பெரிய வட்டம், எல்லாவற்றையும் சுற்றி கறுப்பு அவுட்லைன், கீழே துணியின் மேல் தனியாக நிற்கும் வெள்ளை எழுத்து, சிவப்புக்குக் கீழே லேசான நிழல்.

செப்பரேஷன்ஸ் பிரிவியூவை (ஒவ்வொரு இங்க்கையும் தனி பிளேட்டாகப் பிரித்துக் காட்டும் பேனல்) திறந்தால் ஏழு பிளேட் காட்டுது: சயான், மெஜந்தா, யெல்லோ, பிளாக், பான்டோன் 186 சி, பான்டோன் 186 யூ, பான்டோன் 116 சி. ஏழு இருந்தும் வெள்ளைக்கு ஒன்றுகூட இல்லை. திரையில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியுது.

இதை மூன்று பிளேட்டுக்குக் கொண்டுவருவது எப்படி? வெள்ளைக்குத் தனி பிலிம் எப்படி எடுப்பது? மஞ்சளும் சிவப்பும் தொடும் இடத்தில் துணி தெரியாமல் இருக்க எவ்வளவு டிராப் (ஒரு நிறம் மற்றதற்குள் சற்று நுழைவது) வைக்கணும்?

பிலிம்மேசை:

முதலில் ஏழு ஏன் என்பதைப் பார்ப்போம். மென்பொருளுக்கு ஸ்பாட் கலர் (தனி இங்க்காக அடிக்கும் நிறம்) என்பது ஒரு பெயர், அவ்வளவுதான். திரையில் தெரியும் சிவப்பு வெறும் அடையாளம். 186 சி, 186 யூ இரண்டும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் பெயர் வேறு, ஆகவே பிளேட்டும் வேறு. சி, யூ என்ற எழுத்துகள் அந்த இங்க்கைப் பளபளப்புத் தாளில் அடித்துக் காட்டியதா, சாதாத் தாளில் அடித்துக் காட்டியதா என்பதற்கானவை. இங்க் கலவை ஒன்றே. வேறொரு பைலிலிருந்து காப்பி செய்து ஒட்டும்போது இந்த இரண்டாவது பெயர் கூடவே வந்துவிடும்.

ஸ்வாட்சஸ் பேனலில் நீங்கள் வைத்துக்கொள்ளப்போகிற சிவப்பை முதலில் கிளிக் செய்யுங்கள், கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கிளிக் செய்யுங்கள், பேனல் மெனுவில் மெர்ஜ் ஸ்வாட்சஸ் கொடுங்கள். முதலில் தொட்ட பெயர் நிற்கும், மற்றது அதனுள் போய்விடும். வரிசை மாறினால் வேண்டாத பெயர் நிற்கும், அதனால் இதில் அவசரம் வேண்டாம்.

இப்போது சயான் முதல் பிளாக் வரையான நான்கு, அதாவது சிஎம்ஒய்கே எனப்படும் பிராசஸ் நிறங்கள். இவை வர உங்கள் பைலில் மூன்று காரணங்கள் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்று, கறுப்பு அவுட்லைன். ஆர்ஜிபி பைலிலிருந்து வந்த கறுப்பை சிஎம்ஒய்கே ஆவணத்தில் ஒட்டினால் அது நான்கு இங்க்கும் கலந்த கறுப்பாக மாறும். கறுப்புத் துணிக்குக் கறுப்பு இங்க்கே வேண்டாம், அந்தக் கோட்டை என்ன செய்வது என்று மெஷ்90 போன்றவர்கள் சொல்வார்கள்.

இரண்டு, நிழல். டிராப் ஷேடோ எஃபெக்ட் இயல்பாகவே பிராசஸ் கறுப்பில் மல்டிப்ளை ஆகிறது. துணி கறுப்பாக இருக்கும்போது சிவப்புக்கு வெளியே விழும் நிழலுக்குப் பொருளே இல்லை. எடுத்துவிடுங்கள். வேறு எஃபெக்ட்கள் இருந்தால் எஃபெக்ட் மெனுவின் டாக்குமென்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் செட்டிங்ஸில் ஸ்பாட் கலரைக் காப்பாற்றும் டிக் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஹியூ, சாச்சுரேஷன், கலர், லுமினாசிட்டி, டிஃபரன்ஸ், எக்ஸ்க்ளூஷன் என்ற பிளெண்ட் மோடுகள் ஸ்பாட் கலரோடு ஒத்துப்போகா, அவற்றைத் தொடாதீர்கள். நார்மலும் மல்டிப்ளையும் போதும்.

மூன்று, கிரேடியன்ட். ஸ்டாப்களில் ஒன்று ஸ்பாட்டாக இல்லாமல் பிராசஸ் நிறமாக இருந்தால் மாறும் பகுதி முழுக்க சிஎம்ஒய்கேவில் சிதறும். ஒவ்வொரு ஸ்டாப்பையும் தனித்தனியாகத் தொட்டுப் பாருங்கள்.

மிச்சம் மீதியைப் பிடிக்கச் சுலபமான வழி இதுதான்: செப்பரேஷன்ஸ் பிரிவியூவில் ஓவர்பிரிண்ட் பிரிவியூவை டிக் செய்துவிட்டு, ஸ்பாட் பெயர்களின் கண் குறியையெல்லாம் அணைத்து, சயான், மெஜந்தா, யெல்லோ, பிளாக் மட்டும் எரியவிடுங்கள். திரையில் எது தெரிகிறதோ அதுதான் வழிதவறிய பொருள். அதைத் தொட்டு, செலக்ட் மெனுவில் சேம், ஃபில் கலர் கொடுத்தால் அதே நிறத்தில் இருப்பதெல்லாம் சிக்கும். ஸ்ட்ரோக் கலருக்குத் தனியாக ஒருமுறை. சரியான ஸ்பாட் ஸ்வாட்சைக் கொடுங்கள். திரை வெறுமையாகும்வரை இதைச் செய்ய வேண்டும். கடைசியில் செலக்ட் ஆல் அன்யூஸ்டு கொடுத்துத் தேவையில்லாத ஸ்வாட்ச்களை அழித்துவிடுங்கள்.

இந்தப் பேனல் வேலை செய்ய ஆவணம் சிஎம்ஒய்கே மோடில் இருக்க வேண்டும். உங்களுக்கு வருகிறது என்றால் அது சரியாகவே இருக்கிறது.

பான்டோன் நூலகம் இல்லாமல் போனதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் அடோபி தன் மென்பொருள்களிலிருந்து பெரும்பாலான பான்டோன் நூலகங்களை எடுத்துவிட்டது. ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு அது ஒரு தடையே அல்ல. நியூ ஸ்வாட்ச், கலர் டைப் ஸ்பாட் கலர், பெயர் '2 மஞ்சள்', '3 சிவப்பு' என்று நீங்களே வையுங்கள். இழுக்கும் வரிசை எண்ணைப் பெயரின் முன்னால் போட்டால் பிலிமிலும் அதே வரிசை இருக்கும். இங்க் கலக்குபவருக்குப் பான்டோன் எண்ணைத் தனியாக எழுதிக் கொடுத்தால் போதும்.

மெஷ்90:

வெள்ளைக்குப் பிளேட் வராததற்குக் காரணம் எளிது. நீங்கள் வைத்திருப்பது பிராசஸ் வெள்ளை, அதாவது நான்கும் பூஜ்யம். மென்பொருளுக்கு அது இங்க் அல்ல, ஓட்டை. அந்த இடத்தில் எதையும் அடிக்காதே என்று பொருள். வெள்ளைத் தாளில் அது வெள்ளையாகத் தெரியும், கறுப்புத் துணியில் கறுப்பாகத்தான் தெரியும்.

புதிய ஸ்பாட் ஸ்வாட்ச் போடுங்கள், பெயர் '1 வெள்ளை'. அதற்கு நிற மதிப்பு சயான் 20 என்று கொடுங்கள், எல்லாவற்றையும் பூஜ்யமாக விடாதீர்கள். திரையில் இளநீலமாகத் தெரிந்தால் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்க்க முடியும். பிலிமில் அது 100 சதவீதக் கறுப்பாகத்தான் விழும்.

அதே ஓட்டை குணத்தை அவுட்லைனுக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கறுப்பு அவுட்லைனை அழித்தால் கீழே உள்ள நிறங்கள் பெருத்துவிடும். அழிக்காமல் பிராசஸ் வெள்ளையாக மாற்றுங்கள், ஓவர்பிரிண்ட் (கீழே உள்ள நிறத்தை வெட்டாமல் அதன்மேலேயே அடிப்பது) அணைந்திருக்கட்டும். அது நிறங்களை வெட்டி எடுத்துவிடும், அந்த இடத்தில் துணியே கறுப்புக் கோடாக நிற்கும். ஒரு ஸ்கிரீன் மிச்சம். ஆனால் கோடு மெலிதாக இருந்தால் இருபக்க இங்க்கும் பரவி அடைத்துவிடும், கையால் இழுக்கும்போது இப்படி விடும் கோடு 1 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பது நல்லது.

அடி வெள்ளை, அதாவது நிறங்களுக்கு அடியில் போடும் வெள்ளை, செய்வது இப்படி:

1. மொத்த ஆர்ட்டையும் காப்பி எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே புதிய லேயரில் அதே இடத்தில் ஒட்டுங்கள். கீழ் லேயரைப் பூட்டுங்கள்.
2. காப்பியில் ஸ்ட்ரோக்குகளை அவுட்லைன் ஸ்ட்ரோக் செய்யுங்கள். கிரேடியன்ட் வட்டத்துக்கு ஒரே நிறம் கொடுத்துவிடுங்கள்.
3. பாத்ஃபைண்டரில் மெர்ஜ். மறைந்த பகுதிகள் வெட்டுப்படும். வெள்ளை ஓட்டைத் துண்டுகளைத் தேர்ந்து அழியுங்கள்.
4. கீழே தனியாக நிற்கும் வெள்ளை எழுத்தை ஒதுக்கி வையுங்கள். மற்ற எல்லாவற்றையும் யுனைட் செய்து, ஆப்ஜெக்ட், பாத், ஆஃப்செட் பாத்தில் மைனஸ் 0.3 மி.மீ. கொடுங்கள். ஆஃப்செட் பழைய வடிவத்தையும் விட்டுவைக்கும், அதை அழிக்க மறக்காதீர்கள். மறந்தால் சோக் செய்ததே (வடிவத்தை உள்நோக்கிச் சுருக்கியதே) வீண், பெரிய வடிவம்தான் பிலிமில் விழும்.
5. ஒதுக்கிய எழுத்தோடு சேர்த்து '1 வெள்ளை' கொடுங்கள். கீழ் லேயரில் உள்ள எழுத்தை அழித்துவிடலாம்.

எழுத்தை ஏன் ஒதுக்க வேண்டும் என்றால், அதன் மேல் வேறு நிறம் வரப்போவதில்லை. சோக் செய்தால் எழுத்து மெலிந்துபோகும். நிறத்துக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் வெள்ளைக்கு மட்டுமே சோக்.

இப்போது முக்கியமான இடம். இந்த வெள்ளையை வழக்கப்படி எல்லாவற்றுக்கும் அடியில் தள்ளினால், மேலே உள்ள சிவப்பும் மஞ்சளும் தங்கள் வடிவத்தில் வெள்ளையை வெட்டி எடுத்துவிடும். வெள்ளைப் பிலிமில் எழுத்து மட்டும் மிஞ்சும். ஆகவே சிவப்பு, மஞ்சள் எல்லாவற்றுக்கும் அட்ரிபியூட்ஸ் பேனலில் ஓவர்பிரிண்ட் ஃபில் போட வேண்டும்.

பிலிம்மேசை:

மெஷ்90 சொன்னதில் கடைசிப் படியை மட்டும் மாற்றச் சொல்வேன். எல்லா நிறத்துக்கும் ஓவர்பிரிண்ட் போட்டால், சிவப்பு வடிவம் மஞ்சளின் மேல் வரும் இடத்திலும் வெட்டு நின்றுவிடும். மஞ்சள் அடியில் முழுதாக ஓடும், அது சில டிசைனில் வேண்டும், சிலதில் வேண்டாம்.

வெள்ளை லேயர் ஏற்கெனவே மேலே இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும். அந்த ஒரே பொருளுக்கு ஓவர்பிரிண்ட் ஃபில் போடுங்கள். ஓவர்பிரிண்ட் ஆன பொருள் கீழே உள்ள எதையும் வெட்டாது, தன் பிளேட்டில் மட்டும் விழும். கீழே சிவப்பும் மஞ்சளும் தங்களுக்குள் எப்படி வெட்டிக்கொள்கிறதோ அப்படியே இருக்கும். மேசையில் எது முதலில் இழுக்கப்படுகிறது என்பதற்கும் லேயர் வரிசைக்கும் சம்பந்தமே இல்லை. பிலிமுக்கு மேல் கீழ் தெரியாது.

டிராப் பற்றி: வெளிர் நிறம்தான் அடர்ந்த நிறத்துக்குள் நுழைய வேண்டும். உங்கள் ஜோடியில் மஞ்சள் சிவப்புக்குள் போகணும்.

மஞ்சள் பொருள் மேலே, சிவப்பு கீழே இருந்தால், மஞ்சளுக்கே மஞ்சள் ஸ்ட்ரோக் 2 பாயின்ட், ஓவர்பிரிண்ட் ஸ்ட்ரோக் டிக். ஸ்ட்ரோக் பாதி உள்ளே பாதி வெளியே விழுவதால் உண்மையில் கிடைக்கும் டிராப் 1 பாயின்ட், அதாவது 0.35 மி.மீ. சிவப்பு மேலே இருந்தால், சிவப்புப் பொருளுக்கு *மஞ்சள்* நிறத்தில் ஸ்ட்ரோக் கொடுத்து அதே ஓவர்பிரிண்ட். திரையில் பார்க்க விநோதமாக இருக்கும், ஓவர்பிரிண்ட் பிரிவியூவில் சரியாகிவிடும். சிவப்பின் விளிம்பு வடிவம் மாறாது, மஞ்சள் மட்டும் அதனடியில் 0.35 மி.மீ. நீளும்.

கை மேசைக்கு 0.3 முதல் 0.5 மி.மீ. வரை வைப்பது நியாயம். ரெஜிஸ்ட்ரேஷன் (நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்துவது) நன்றாக நிற்கும் ஆட்டோ மெஷினில் 0.15, 0.2 போதும். அதிகமாக வைத்தால் மஞ்சள்மேல் சிவப்பு விழும் பட்டை தடிப்பாகத் தெரியும். சிவப்பும் பிராசஸ் வெள்ளை ஓட்டையும் தொடும் இடத்தில் டிராப் வேண்டாம், அங்கே சந்திக்க வேறு இங்க்கே இல்லை.

மூணுகலர்:

இருவருக்கும் நன்றி. பிளேட் இப்போது மூன்றாகிவிட்டது. பிரிவியூவில் '1 வெள்ளை', '2 மஞ்சள்', '3 சிவப்பு' தனித்தனியாகச் சரியாகத் தெரியுது.

இரண்டு சிக்கல் பாக்கி. பிரிண்ட் விண்டோவில் அவுட்புட்டில் மோட் காம்போசிட்டிலேயே நிற்குது, செப்பரேஷன்ஸ் தேர்வு செய்ய விடமாட்டேங்குது. என்னிடம் இருப்பது சாதாரண இங்க்ஜெட், ரிப் மென்பொருள் (பிளேட்களைப் புள்ளிகளாக்கிப் பிரிண்டருக்கு அனுப்புவது) கிடையாது. அடுத்து, கிரேடியன்ட் வட்டம். மஞ்சள் பிளேட்டிலும் சிவப்பு பிளேட்டிலும் சாம்பல் சாம்பலாக வருது. அதை எப்படிப் புள்ளியாக்குவது? ஸ்கிரீன் 90டி மெஷ்.

புள்ளிக்கணக்கு:

அந்த இங்க்ஜெட் போஸ்ட்ஸ்கிரிப்ட் (பிரிண்டருக்குப் பக்கத்தை விவரிக்கும் மொழி) பேசாது, அதனால்தான் செப்பரேஷன்ஸ் மங்கியிருக்கிறது. பழுது எதுவுமில்லை.

முதலில் கிரேடியன்ட்டைத் திருத்துங்கள், அதுதான் பெரிய விஷயம். மஞ்சள் 100லிருந்து 0, சிவப்பு 0லிருந்து 100 என்று இரண்டும் எதிரெதிராக மங்கினால் நடுவில் இரண்டு ஹாஃப்டோன் (சாயலைக் காட்டும் புள்ளி அமைப்பு) ஒன்றன்மேல் ஒன்றாக விழும். மொய்ரே (வேண்டாத அலைக்கோலம்) வரும், நடுப்பகுதியில் அடி வெள்ளை புள்ளிகளுக்கிடையே எட்டிப்பார்த்து வெளிறும், ரெஜிஸ்ட்ரேஷன் இம்மி நகர்ந்தாலும் நிறம் மாறும். வட்டத்தை இரண்டாக்குங்கள்: அடியில் முழு மஞ்சள், டின்ட் எதுவும் இல்லாமல் 100 சதவீதம். அதன் மேல் அதே அளவு வட்டம், சிவப்பு ஸ்பாட் 100லிருந்து *அதே சிவப்பின்* 0 வரை கிரேடியன்ட், ஓவர்பிரிண்ட் ஃபில். 0 முனைக்குப் பிராசஸ் வெள்ளையைப் போடாதீர்கள், சிவப்பு ஸ்வாட்சையே எடுத்து டின்ட் ஸ்லைடரைப் பூஜ்யத்துக்கு இழுங்கள். இப்போது புள்ளி விழுவது ஒரே ஒரு ஸ்கிரீனில். மஞ்சளும் வெள்ளையும் வெறும் திட வடிவம். சிவப்பு இங்க் ஓரளவு ஒளி ஊடுருவுவது என்பதால் புள்ளிகளுக்கிடையே தெரியும் மஞ்சளோடு சேர்ந்து நல்ல ஆரஞ்சு கிடைக்கும்.

டின்ட்டுக்குப் பதில் ஒபாசிட்டியைக் குறைப்பவர்கள் உண்டு. தனியாக நிற்கும் பொருளில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். கீழே வேறு பொருள் இருந்தால் ஒபாசிட்டி அதையும் பிளேட்டில் கலந்துவிடும். டின்ட்டையே பழகிக்கொள்ளுங்கள்.

இனிப் பிலிம். ரிப் இல்லாமல் செய்யும் வழி:

பைலை பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள், ஹை குவாலிட்டி பிரிண்ட், அவுட்புட் பகுதியில் கலர் கன்வர்ஷன் வேண்டாம் என்று வையுங்கள். அக்ரோபேட் இருந்தால் அவுட்புட் பிரிவியூவில் மூன்று ஸ்பாட் பெயரும் இருக்கிறதா, சிஎம்ஒய்கே எல்லாம் காலியா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த பிடிஎஃப்பை நேராக போட்டோஷாப்பில் திறக்க வேண்டாம். திறந்தால் ஸ்பாட் பெயர்கள் கரைந்து சிஎம்ஒய்கே அல்லது ஆர்ஜிபி படமாகிவிடும். இதுவரை செய்ததெல்லாம் போச்சு. கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருளில் டிஃப்செப் என்றொரு அவுட்புட் டிவைஸ் இருக்கிறது. ரெசொல்யூஷன் 720 கொடுத்து ஓட்டினால் ஒவ்வொரு ஸ்பாட் பெயருக்கும் ஒரு கிரேஸ்கேல் டிஃப் பைல் தரும், ஓவர்பிரிண்ட்டையும் மதிக்கும். சிஎம்ஒய்கே நான்குக்கும் பைல் வரும், அவற்றில் டிசைன் எதுவும் இருக்கக்கூடாது, பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள். ஸ்வாட்ச் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் வெளிவரும் பைல் பெயர் குழம்பலாம், இந்த வேலைக்கு மட்டும் ரோமன் எழுத்தில் வைத்துக்கொள்வது தேவலை.

ஒவ்வொரு டிஃப்பையும் போட்டோஷாப்பில் திறந்து இமேஜ், மோட், பிட்மேப்:

வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் அவுட்புட் 720, முறை 50 சதவீத திரெஷோல்டு. விளிம்பு கத்தியாக நிற்கும்.

சிவப்புக்கு அவுட்புட் 720, முறை ஹாஃப்டோன் ஸ்கிரீன், ஃப்ரீக்வென்சி 45 எல்பிஐ (அங்குலத்துக்கு 45 புள்ளி வரிசை), கோணம் 22.5, வடிவம் எலிப்ஸ். திட சிவப்புப் பகுதிகள் 100 சதவீதம் என்பதால் அவற்றில் புள்ளி வராது, கிரேடியன்ட்டில் மட்டும் வரும்.

45 எங்கிருந்து வந்தது என்றால்: மெஷ் எண்ணை 5ஆல் வகுத்தால் பாதுகாப்பான எல்பிஐ. 90டி என்பது சென்டிமீட்டருக்கு 90 நூல், அங்குலத்துக்கு ஏறக்குறைய 230. 230ஐ 5ஆல் வகுத்தால் 46. 4ஆல் வகுத்து 57 வரை போகிறவர்கள் இருக்கிறார்கள், கை மேசையில் வேண்டாம். 43டி மெஷ் என்றால் 110 நூல், அதில் 22 எல்பிஐக்கு மேல் போனால் சின்னப் புள்ளி நிற்க நூலே கிடைக்காது, எமல்ஷனில் (ஸ்கிரீன்மேல் பூசும், ஒளி பட்டு இறுகும் பூச்சு) கழுவும்போதே போய்விடும்.

720ஐ 45ஆல் வகுத்தால் 16. ஒரு புள்ளிக்கு 16க்கு 16 கட்டம், அதாவது 256 படி. கிரேடியன்ட் வழுவழுப்பாக வர இது தாராளம். எப்சன் டிரைவர்கள் 360, 720 என்ற கணக்கிலும், கேனான், எச்பி டிரைவர்கள் 300, 600 என்ற கணக்கிலும் போகும். பிட்மேப்பின் ரெசொல்யூஷனை உங்கள் பிரிண்டரின் கணக்கோடு ஒத்துப்போக வையுங்கள். 600 என்றால் 600ஐ 45ஆல் வகுக்க 13.3, படிகள் 177 அளவில், அதுவும் போதும்.

பிட்மேப் ஆனபின் அளவை மாற்றவே கூடாது. பிரிண்ட் விண்டோவில் ஸ்கேல் 100, ஃபிட் டு மீடியா அணைந்திருக்க வேண்டும். 97 சதவீதத்துக்கு அது சுருக்கினால் புள்ளிகளில் கட்டம் கட்டமாகப் பட்டை விழும், மற்ற பிலிம்களோடும் பொருந்தாது.

கோணம்: மெஷ் நூல் 0, 90 டிகிரியில் ஓடுகிறது. புள்ளி வரிசை 0, 45, 90ல் இருந்தால் நூலோடு மோதி மொய்ரே வரும். 22.5 பெரும்பாலும் தப்பிக்கும். எக்ஸ்போஸ் செய்யும் முன் லைட் டேபிளில் மெஷ்ஷின் மேல் பிலிமை வைத்துப் பாருங்கள். அலை தெரிந்தால் பிலிமை ஓரிரு டிகிரி திருப்பினால் மறைகிறதா என்று பார்த்து, மறையும் கோணத்தில் பிலிமைத் திரும்ப எடுங்கள்.

புள்ளியின் அளவு பற்றி ஒன்று. துணியில் டாட் கெயின், அதாவது புள்ளி பரவிப் பெருப்பது, அதிகம். பிலிமில் 50 இருப்பது துணியில் 65, 70 போலத் தெரிவது சகஜம். 5 சதவீதத்துக்குக் கீழே நிற்பது கஷ்டம், 90க்கு மேலே ஓட்டை அடைத்துத் திடமாகிவிடும். ஆகவே கிரேடியன்ட்டின் நடுப்பகுதியைக் கொஞ்சம் வெளிறவே வையுங்கள்: கிரேஸ்கேல் டிஃப்பில், பிட்மேப்புக்கு முன், கர்வ்ஸ் எடுத்து 50 இருக்கும் இடத்தை 38, 40க்கு இறக்குங்கள். இரண்டு முனையையும் தொடாதீர்கள். சரியான எண் உங்கள் இங்க், ஸ்குவீஜி (இங்க்கை இழுக்கும் பட்டை), அழுத்தம் எல்லாவற்றையும் பொறுத்தது. 10, 20, 30 என்று 100 வரை சதுரங்கள் போட்ட ஒரு பட்டையை ஒரு ஸ்கிரீனில் எடுத்து ஒருமுறை இழுத்துப் பார்த்தால் பிறகு அந்தக் கர்வ் எல்லா வேலைக்கும் உதவும்.

கோரல்கட்சி:

கோரல்ட்ரா வைத்திருப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. அதில் போஸ்ட்ஸ்கிரிப்ட் இல்லாத பிரிண்டரிலும் செப்பரேஷன் அடிக்கலாம். பிரிண்ட் விண்டோவில் கலர் பகுதியில் பிரிண்ட் செப்பரேஷன்ஸ், அடுத்த பகுதியில் வேண்டிய பிளேட்களுக்கு மட்டும் டிக், ஸ்பாட்டைப் பிராசஸாக மாற்றும் டிக் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். ப்ரீபிரஸ் பகுதியில் ரெஜிஸ்ட்ரேஷன் மார்க், கிராப் மார்க்.

திட நிறங்களுக்கு இது போதும். டின்ட் இருந்தால் டிரைவர் தன் விருப்பப்படி பொடிப்புள்ளி தூவிவிடும், நீங்கள் கேட்ட 45 எல்பிஐ வராது. அதற்கு, மங்கும் பொருளைக் கிரேஸ்கேல் பிட்மேப்பாக்கி, பிறகு பிட்மேப் மெனுவின் மோடில் 1 பிட் கறுப்பு வெள்ளை, ஹாஃப்டோன் என்று மாற்றுங்கள். 1 பிட் படத்துக்குப் பேலட்டில் சிவப்பு ஸ்பாட்டை வலது கிளிக் செய்தால் புள்ளிகள் அந்த ஸ்பாட்டாகும். நிறமில்லாப் பெட்டியை இடது கிளிக் செய்தால் பின்னணி தெளிவாகும். இதைச் செய்யாவிட்டால் படத்தின் வெள்ளைப் பின்னணி கீழே உள்ள மஞ்சளை வெட்டி எடுத்துவிடும்.

லென்ஸ், டிரான்ஸ்பரன்சி போன்றவை ஸ்பாட்டின் மேல் விழுந்தால் சிஎம்ஒய்கேவுக்குத் தாவ வாய்ப்புண்டு. பிரிண்ட் பிரிவியூவில் பிளேட் பிளேட்டாகப் புரட்டிப் பார்த்த பிறகே பிலிமைச் செலவழிக்கவும்.

இங்க்ஸ்கேப்பில் செப்பரேஷன் வசதி கிடையாது. ஒவ்வொரு நிறத்தையும் ஒரு லேயரில் வைத்து, கறுப்பாக்கி, மற்ற லேயர்களை மறைத்துத் தனித்தனியாக எடுக்க வேண்டியதுதான். மூன்று திட நிறத்துக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை.

மூணுகலர்:

கோஸ்ட்ஸ்கிரிப்ட் வழியில் மூன்று பிலிமும் வந்துவிட்டது. கிரேடியன்ட் மிக நன்றாக வந்திருக்கு. கேட்க மறந்தது: பிலிமை மிரர் செய்ய வேண்டுமா? இன்னொன்று, மூன்று பிலிமையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மேல் மார்க் பொருந்துது, கீழ் மார்க்கில் வெள்ளைப் பிலிம் 0.5 மி.மீ. குறைவாக நிற்குது. மற்ற இரண்டும் ஒத்துப்போகுது.

மெஷ்90:

மிரர் வேண்டாம். இங்க் விழுந்த பக்கம் மேலே இருக்கும்போது எழுத்து நேராகப் படிக்க வர வேண்டும். அந்த இங்க் பக்கம்தான் ஸ்கிரீனின் துணி தொடும் பக்கத்தில் எமல்ஷனை ஒட்டி இருக்கணும். கண்ணாடிமேல் பிலிமை இங்க் பக்கம் மேலாக வைத்து, ஸ்கிரீனை அதன்மேல் கவிழ்த்தால், ஸ்குவீஜி பக்கத்திலிருந்து பார்க்கும்போது எழுத்து நேராகத் தெரியும். மிரர் எடுத்துவிட்டுப் பிலிமைப் புரட்டி வைத்தாலும் எழுத்து நேராகும், ஆனால் இங்க்குக்கும் எமல்ஷனுக்கும் நடுவில் பிலிமின் தடிமன் வந்துவிடும். அந்த இடைவெளியில் ஒளி பக்கவாட்டில் நுழைந்து 5, 10 சதவீதப் புள்ளிகளைத் தின்றுவிடும்.

பிலிமின் கறுப்பையும் பாருங்கள். சன்னலுக்கு நேரே பிடித்தால் திடப் பகுதி வழியாக வெளிச்சம் தெரியக்கூடாது. தெரிந்தால் டிரைவரில் மீடியா வகையை மாற்றி இங்க் அளவைக் கூட்டுங்கள். பழுப்பாகத் தெரியும் கறுப்பில் எக்ஸ்போஷர் நேரத்தைக் குறைத்துச் சமாளித்தால் எமல்ஷன் சரியாக இறுகாது, நாலு ஷர்ட் இழுப்பதற்குள் ஊசித்துளை விழும்.

பிலிம்மேசை:

0.5 மி.மீ. வித்தியாசம் பைலில் இருந்து வந்ததா, பிரிண்டரிலிருந்து வந்ததா என்று முதலில் பிரியுங்கள். மூன்று டிஃப்பின் பிக்சல் உயரமும் ஒன்றாக இருக்கிறதா என்று போட்டோஷாப்பில் பாருங்கள். ஒரே பிடிஎஃப்பிலிருந்து ஒரே ஓட்டத்தில் எடுத்திருந்தால் ஒன்றாகத்தான் இருக்கும். அப்படியானால் பிரச்சினை பிலிம் ஊட்டத்தில்.

வெள்ளைப் பிலிமில் இங்க் பரப்பு மிக அதிகம். இங்க்ஜெட்டில் ஈரம் ஏறிய பிலிம் உருளையில் வழுக்கும், சில நேரம் இழுபடும். ஷீட் ஓரம் வளைந்திருந்தாலும் இதே விளைவு. அந்தப் பிலிமை மட்டும் திரும்ப எடுக்காதீர்கள். மூன்றையும் ஒரே உட்காரலில், ஒரே பாக்கெட் ஷீட்டில், ஒரே மீடியா செட்டிங்கில், ஒரே திசையில் ஊட்டி எடுங்கள். காய்ந்த பிறகே அடுக்கிப் பாருங்கள், ஈரமாக இருக்கும்போது அளப்பதில் பயனில்லை. லேசர் பிரிண்டர் என்றால் வெற்று பிலிமை ஒருமுறை உள்ளே ஓட்டிச் சூடேற்றி எடுத்த பிறகு அடித்தால் சுருக்கம் குறையும்.

மார்க் நான்கு இடத்திலும் இருக்கட்டும், மேல் கீழ் இரண்டோடு இடது வலதும். மார்க்குக்கு ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்வாட்ச் கொடுத்தால் எல்லாப் பிளேட்டிலும் தானாக விழும். டிசைனுக்குள் அந்த ஸ்வாட்ச் தப்பித்தவறி இருந்தால் அந்தப் பொருளும் மூன்று பிலிமிலும் விழும், கறுப்பு மாதிரியே தெரிவதால் கவனிக்காமல் போக வாய்ப்பு உண்டு. சயான் முதலிய நான்கு டிஃப்பிலும் மார்க்கைத் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது என்று பார்த்தால் அதுவும் பிடிபடும்.

எல்லாம் செய்தும் 0.2 மி.மீ. அளவு வித்தியாசம் நின்றால் விடுங்கள், உங்கள் 0.3 சோக் அதைத் தாங்கும். 0.5ஐத் தாங்காது, வட்டத்தின் ஒருபக்கம் வெள்ளை விளிம்பு எட்டிப்பார்க்கும். அதற்காகச் சோக்கை 0.6 ஆக்கினால் மறுபக்கம் அடி வெள்ளையே இல்லாத சிவப்பு கறுப்புத் துணிமேல் விழுந்து பழுப்புப் பட்டையாகத் தெரியும்.

மெஷ்90:

மேசையில் வரிசை: வெள்ளை, ஃபிளாஷ் (சூடு காட்டி மேலாகக் காயவைப்பது), மஞ்சள், சிவப்பு. ஃபிளாஷ் அடித்த வெள்ளை விரலில் ஒட்டாத அளவு காய்ந்தால் போதும். அதற்கு மேல் சுட்டால் துணி சூடேறிச் சுருங்கி ரெஜிஸ்ட்ரேஷன் நகரும், மேல் நிறமும் வெள்ளையோடு பிடிக்காது. வெள்ளை ஸ்கிரீனுக்கு 90டி வேண்டாம், 43டி அல்லது 61டி போடுங்கள், இங்க் போதுமான அளவு உட்கார வேண்டும். மஞ்சளுக்கு 61டி. உங்கள் 90டியைச் சிவப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், புள்ளி இருப்பது அதில்தான்.